இரண்டாவது தண்ணீர்

குருவிநத்தம்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் இந்த மாதமும் காலை ஷிப்டுதான், வேன்காரன் ஹாரன் அடித்தால் பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறார், முட்டி வலிக்கிறது என்பார், டாக்டரிடம் போகலாம் என்றால் வலியே இல்லை என்பார், நீ ஒரு தடவை போனில் அதட்டினால்தான் போவார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, பாகூர் பக்கமெல்லாம் நடவு ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது பாதி நடவு மிஷினில்தான். அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் காலையில் அழ ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓய்கிறார்கள், எனக்குக் காது இரண்டும் அடைத்துப் போயிருக்கிறது.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். நீ அனுப்பிய டீயைப் பற்றிப் போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், கைப்பட எழுதி அனுப்பு என்று நீதான் கேட்டாய், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் எழுதப் போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாளாக நீ ஏம்மா ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் எல்லாம் இருந்தது. உன் காசு அத்தைக்கு, நம் காசம்மாளுக்கு, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் ரோசி. அதை நினைத்தால் எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் முதலில் டீயை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வண்டவாளத்தில் உன் வேலை கெட்டுப்போகும்.

பார்சல் வந்த அன்றே காசம்மாளைக் கூப்பிட்டு, நீ டப்பா டப்பாவாக எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டினேன். எது கறுப்பு டீ, எது பச்சை டீ, எதற்குக் கொதிக்கிற தண்ணீர், எதற்குக் கொஞ்சம் ஆறிய தண்ணீர், எதிலும் பால் கூடாது, சர்க்கரை கூடாது. உங்கள் டீ கம்பெனியில் எல்லோரும் உட்கார்ந்து ருசி சொல்லும்போது அவர்கள் சொல்கிற பழங்களை நீ சின்ன வயதில் கண்ணாலும் பார்த்ததில்லை, சும்மா தலையாட்டிக்கொண்டு இருக்கிறாய், அதனால் நம் ஊர் வார்த்தை நாலு உனக்கு வேண்டும், நானும் காசு அத்தையும் சேர்ந்து உட்கார்ந்து குடித்துவிட்டு மனதில் வருவதைச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்டிருந்ததையும் சொன்னேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் டீ குடிப்பதற்கு ஒரு வேலையா, அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா என்று அவள் கேட்டாள். கேட்டாளே தவிர ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் வாயைக் கொப்பளித்து வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளே முதலில் வந்து நிற்பாள். நீ பாண்டியில் முதல் சம்பளத்தில் வாங்கினாயே வெள்ளைப் பீங்கான் கப்புகள், அவற்றைக் கண்ணாடி அலமாரியிலிருந்து இறக்கி, ஹாலில் ஃபேனுக்குக் கீழே நானும் அவளும் பெரிய மனுஷிகள் மாதிரி உட்கார்ந்து குடிப்போம். அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படுக்கப் போய்விடுவார்.

முதல் டப்பா, ஏதோ எலுமிச்சை ஜாதிப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்த்த கறுப்பு டீ. மூடியைத் திறந்ததும் எனக்கு நார்த்தை இலையைக் கசக்கி முகர்ந்த ஞாபகம் வந்தது. காசம்மாள் சலூனிலிருந்து இப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்த ஆம்பிளை பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். குடித்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை, விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு கசப்பு நிற்கிறது, உப்பு நார்த்தங்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் நிற்குமே அந்த மாதிரி. கெட்ட கசப்பு இல்லை, இன்னொரு வாய் கேட்கிற கசப்பு. இரண்டாவது டப்பா காய்ச்சின சர்க்கரை வாசனை போட்டது. அதைத் திறந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெல்லக் கொட்டாய் என்று சொன்னோம். கொப்பரையில் பாகு அடிப்பிடிக்கிற நேரத்தில் வருகிற வாசனை அப்படியே வந்தது. ஆனால் குடித்தால் இனிப்பே இல்லை, வெறும் துவர்ப்பு. மூக்குக்கு விருந்து வைத்துவிட்டு நாக்கைப் பட்டினி போட்டுவிட்டான் என்று காசம்மாள் திட்டினாள். இதை உங்கள் முதலாளிக்கு அப்படியே சொல்லு. நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுநாள் நான் தனியாக அதில் சர்க்கரை போட்டுக் குடித்தேன், பிரமாதமாக இருந்தது.

மூன்றாவது டப்பா மல்லிகைப் பூ வாசனை போட்ட பச்சை டீ. தண்ணீர் ஆறட்டும் என்று நீ எழுதியிருந்ததை மறந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன், முருங்கைக்கீரை வெந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டினோம். மறுபடி ஆறவைத்து ஊற்றினேன். அப்போது வந்தது பார் வாசனை, சாயங்காலம் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. நான் குடித்துவிட்டேன், காசம்மாள் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பச்சையப்பன் போன பிறகு அவள் தலையில் பூ வைத்து யாரும் பார்த்ததில்லை, நம்மைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவள் இல்லை அவள், அவர்கள் பக்கத்தில் அதெல்லாம் இன்னும் பார்க்கிறார்கள். நான் இதை யோசிக்காமல் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம்னா வச்சிடு காசு என்றேன். அவள் ஒரு வாய் குடித்தாள். "தலைல வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. வயித்துல வைக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல" என்று சொல்லி, இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்காவது புதினா போட்ட பச்சை டீ. சளிக்கு ஆவி பிடித்துவிட்டு அந்தத் தண்ணீரையே குடித்த மாதிரி என்பது காசம்மாள் தீர்ப்பு. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார்.

கடைசியில் அந்த ஊலாங். கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று எழுதியிருந்தாய். சுண்டைக்காய் வற்றல் மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. பால் சேர்க்காமலே பால் வாசனை வரும் என்றும், ஒரே இலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றலாம், முதல் தண்ணீரில் இலை விரியத்தான் செய்யும், இரண்டாவது தண்ணீரில்தான் வாசனை முழுதாக இறங்கும், அது எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள், காசு அத்தை என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் அதைத் தொடாமல் வைத்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதுதான் என்று பேசி வைத்திருந்தோம், அன்று காலையில் பெரிய வீட்டு அம்சவள்ளி அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் மகள் அர்ச்சனாவுக்குப் பிரான்ஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம், உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டாராம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன வழி என்று விசாரிக்க வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். வீட்டுக்கு வரலாமா என்று அவர் கேட்டதும் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுகொண்டுதான் வாங்க என்றேன்.

உனக்கு அவர்கள் வீடு பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் இருக்கிற மாடி வீடு, அவ்வளவுதான். நானும் காசம்மாளும் கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் நிலத்தில்தான் நடவும் களையும். காலை வேலை பாதியில் டீ வரும். அவர்கள் மாட்டுக் கொட்டாயில் எங்களுக்கென்று தனியாக அலுமினிய டம்ளர்கள் இருக்கும், அதை நாங்களே போய் எடுக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள், குடித்துவிட்டு நாங்களே கழுவி, தண்ணீர்த் தொட்டி ஓரத்துக் கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். யாரும் எங்களை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அது அப்படித்தான் என்று இருந்தது. இப்போது அந்தக் கொட்டாயும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை, அந்த இடத்தில் கார் நிற்கிறது. ஆனால் அந்த வீட்டு மனிதர் ஒருவர்கூட நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, உன் தாத்தா சாவுக்கு வந்தபோதுகூடத் தெருவில் நின்று மாலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, நான் அதற்கெல்லாம் மேலே வந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் பிரான்ஸில் இருக்கிறாள் என்ற தைரியம்.

வந்தார்கள். அம்சவள்ளி அம்மாவும் பழைய ஆள் இல்லை, சர்க்கரை வியாதியில் இளைத்துப் போயிருக்கிறார், சிரித்த முகமாக வந்து ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார். அர்ச்சனா நல்ல பெண், என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், உன் போட்டோவைப் பார்த்து அக்கா அழகாக இருக்கிறார்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் தினமும் போடுகிற டீத்தூளில் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம். வெளிநாட்டு டீ என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியாது இல்லையா. ஓடிப்போய் அந்த ஊலாங் டப்பாவை உடைத்தேன். வெள்ளைக் கப்புகளைத் துடைத்து, தட்டு வைத்து, முதல் தண்ணீரை ஊற்றி இரண்டு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்ப அடுப்படிக்கு வந்தால் பின்வாசல் வழியாகக் காசம்மாள் வந்து நிற்கிறாள், வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை இல்லையா, அவளுக்கு நான் சொல்லியிருந்த நேரம்தான் அது.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். முன்னால் பேச்சுக்குரலைக் கேட்டுக் காசம்மாள் யாரு என்று கண்ணால் கேட்டாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரிய வூட்டம்மா வந்துகிறாங்க காசு. நீ பின்னாடியே உக்காரு, அவங்க போவட்டும்" என்றேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அவளைச் சும்மா உட்கார வைக்க மனசு வராமல், அம்சவள்ளி அம்மாவுக்குப் போட்ட அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். மிச்சக் கப்புகள் கண்ணாடி அலமாரியில் சும்மாதான் இருந்தன, ஆனால் அதை எடுக்க ஹாலுக்குப் போக வேண்டும். அடுப்படியில் கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் ஓடிவிட்டேன். இரண்டாவது தண்ணீர்தான் ருசி என்று நீ எழுதியிருந்ததை நினைத்துத்தான் அவளுக்கு அதைக் கொடுத்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசைதான். அது பொய். முதலில் அவர்களுக்கு, மிச்சம் இவளுக்கு என்றுதான் என் கை ஊற்றியது.

முன்னால் அம்சவள்ளி அம்மா கப்பைக் காலி செய்திருந்தார். நல்லாத்தான் இருக்குது செல்வி, பால் ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் என்றார். எனக்கு அது போதும், நான் அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். காலிக் கப்பை அவர் நீட்ட, நான் வாங்கியபோது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டேன், அன்றைக்கு அவருக்கு ஓவர்டைம், மிஷின் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை, நம்ம வூட்ல டீ குடிச்சாங்க, முழுசா குடிச்சாங்க என்று மூன்று தடவை கத்தினேன். அதன்பிறகுதான் காசம்மாள் ஞாபகமே வந்தது. காசு, உள்ள வா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போனேன். அவள் இல்லை. துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் அந்த டம்ளர், கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

கோபத்தில் வைத்தாளா, அல்லது பழைய பழக்கத்தில் அவள் கை தானாக வைத்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் செய்ய வைத்தவள் நான்தான். என் வீட்டில், என் பின்வாசலில், நான் ஒரு மாட்டுக் கொட்டாய் கட்டிவிட்டேன். அம்சவள்ளி அம்மா சொல்லவில்லை, அர்ச்சனா சொல்லவில்லை, காசம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்காததை நானே செய்தேன். நீ குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் பற்றாமல் நீ அழுதால் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தவள் அவள். அவள் வீட்டு மாடு கன்று போட்டால் சீம்பாலை வெல்லம் போட்டு வேகவைத்து, தன் பிள்ளை கலைச்செல்வனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உனக்குக் கொண்டுவருவாள், உனக்கு நினைவிருக்கும். அப்பாவிடம் சொன்னேன். அவர் வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், நீ போன்ல சொன்னப்ப நானும்தான் சந்தோஷப்பட்டேன், உன்னை மட்டும் இன்னா சொல்றது என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளைத் தண்ணீர்க் குழாயில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன், எப்போதும் போலப் பேசினாள், கலைச்செல்வனுக்குப் பெண் பார்க்கிறோம் என்றாள். நான்தான் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனம் பண்ணலாமா என்று நினைத்தேன், பாவம் பண்ணியது காசம்மாளுக்கு, சாமியார் மன்னித்து என்ன ஆகப் போகிறது என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து உறை மோருக்காக நம் வீட்டுக்கு வந்தாள். நம் வீட்டுக்குள் அவள் எப்போது கேட்டு நுழைந்திருக்கிறாள், நேராக அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பவள். அன்றைக்குப் பின்வாசலுக்கு வெளியிலேயே நின்று, "யாராச்சும் வந்துகிறாங்களா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். நான் பதறிப்போய், யாரும் இல்ல, உள்ள வா என்றேன். அவள் வந்து மோர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நான் சொன்ன பதில் எனக்கே உறைத்தது. யாராவது இருந்திருந்தால் வரக் கூடாது என்றுதானே அதற்கு அர்த்தம். திருத்த வேண்டிய இடத்திலும் அதையே செய்துவிட்டேன். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

இன்றைக்கு மத்தியானம் ஒரு முடிவோடு கிளம்பினேன். ஊலாங் டப்பாவையும் இரண்டு வெள்ளைக் கப்பையும் கூடையில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டிலேயே, அவளை உட்கார வைத்து, முதல் தண்ணீரை என் கையால் கொடுத்துவிட்டு, தப்புப் பண்ணிட்டேன் காசு என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போனால் வாசல் நிறையச் செருப்பு. கலைச்செல்வனுக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் அப்பா அம்மாவும், அவர்கள் சொந்தக்காரர்களும் வில்லியனூர் பக்கமிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். வெளியூர் ஜனம், முதல் தடவை வருகிறார்கள், நான் இருந்த புடவையோடு கூடையும் கையுமாக நிற்கிறேன். அப்படியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், காசு, ஆளுங்க வந்துகிறாங்க போல, நான் அப்புறமா வரேன் என்றேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். என்னையும் கூடையையும் ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா, ஆளுங்க வந்துகிறாங்க. அதான் உள்ள வான்றேன். பின்னாடி இன்னாத்துக்கு நிக்கற?" என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ரோசி, அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. நேராக முன்னறைக்குக் கொண்டுபோய், கலைச்செல்வனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். இதான் செல்வி, எனக்குப் புள்ள பொறந்தப்ப என் வரிசையையும் சேத்து நட்டவ, பொண்ணு பிரான்ஸ்ல இருக்குது என்று சம்மந்திகளிடம் சொன்னாள். அவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கூடையிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். இனிமேல் சொல்வதற்கு நீ சிரிக்க வேண்டும், சம்மந்தி வீட்டுக்காரர்களுக்குப் பாலில்லாத டீ கொடுத்தால் இல்லாத வீடு என்று நினைக்க மாட்டார்களா என்று சொல்லி, உன் ஊலாங் டப்பாவை அப்படியே பாலில் கவிழ்த்து, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர், எனக்கும் அதே டம்ளர், எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். என் வெள்ளைக் கப் கூடைக்குள்ளேயே இருந்தது, அதை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. டீ எப்படி இருந்தது என்று கேட்டால், இஞ்சி டீ மாதிரி இருந்தது. சம்மந்தி அம்மா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார், தேதி பார்த்துச் சொல்கிறோம் என்று சந்தோஷமாகப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு நானும் அவளும் பின்னால் உட்கார்ந்து டம்ளர் கழுவினோம். அவள் தேய்த்துக் கொடுக்க நான் அலசி வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். டப்பா காலியாகிவிட்டது, இரண்டாவது தண்ணீர் எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதச் சொல்லியிருக்கிறாள் ரோசி, நான் அதைக் குடிக்கவே இல்லை, நீ ஒருத்திதான் குடித்தாய், எப்படி இருந்தது காசு என்று கேட்டேன். அவள் கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ வெளுத்துவிட்டது.

"சீம்பால் வாசன வந்துச்சி செல்வி. நம்ம ரோசிக்கு வேகவச்சிக் குடுப்பேனே, அதே வாசன. உன்னாண்ட சொல்லலாம்னு எட்டிப் பாத்தேன். நீ முன்னாடி இருந்த" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அழுதேன், அவள் அழவில்லை, மிச்ச டம்ளரையும் தேய்த்துக் கொடுத்தாள். நீ கேட்டிருந்த ருசி இதுதான் மகளே, ஊலாங், இரண்டாவது தண்ணீர், சீம்பால் வாசனை. உன் கம்பெனியில் சொல்லும்போது காசு அத்தை சொன்னது என்று சொல்லு, அம்மா சொன்னது என்று சொல்லாதே. இனிமேல் அவள் கேட்காமல் உள்ளே வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பின்கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், ஆனால் யார் இருந்தாலும் முன்வாசல் வழியாகவே வா என்று அவளிடம் போய்ச் சொல்லப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வேலை முடிந்து வரும்போது தனியாக வராதே. அப்பாவை முட்டிக்கு டாக்டரிடம் போகச் சொல்லி அதட்ட மறந்துவிடாதே. காசு அத்தைக்கு ஒரு தடவை போன் பண்ணு, டீயைப் பற்றி மட்டும் பேசு. மாதாவும் அந்தோணியாரும் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஒன்று மட்டும் அம்மாவுக்காகச் செய். அர்ச்சனா அங்கே வந்து சேர்ந்தால் உன் அறைக்குக் கூட்டிப்போ. நீ குடிக்கிற கப்பிலேயே அவளுக்கு டீ கொடு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீயும் குடி. அந்த நேரத்தில் வேறு யாராவது வந்து கதவைத் தட்டினால், ஆள் வந்திருக்கிறது, அதனால்தான் உள்ளே வா என்று சொல்லிக் கூப்பிடு.

உன்னை நினைத்துப் பெருமையும் தன்னை நினைத்து வெட்கமுமாக இருக்கும்
உன் அம்மா,
ஆ. ஆரோக்கியசெல்வி